கல்லும் படியும்: பேகூர் வட்டாரச் சாசனங்களும் சாசனப் புலமையின் இரு மரபுகளும்

முன்னுரை

பெங்களூரின் தெற்கே ஓசூர்ச் சாலையில் அமைந்துள்ள எலெக்ட்ரானிக் சிட்டி, 1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ் நிறுவனத்தால் 332 ஏக்கர் பரப்பில் உருவாக்கப்பட்டது. இதற்கெனப் பெறப்பட்ட நிலம் கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களுக்கு உரியது. இன்று கணினி நிறுவனங்களின் வளாகங்களால் அறியப்படும் இவ்விடத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவில் பேகூர் என்னும் பழமையான ஊர் உள்ளது. கங்கர் காலக் கன்னடச் சாசனங்களில் பெம்பூர் என்றும் பிற்காலத் தமிழ்ச் சாசனங்களில் வேப்பூர் என்றும் வழங்கப்பெற்ற அவ்வூர், பெங்களூர் என்னும் பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றைத் தன் கோயில் வளாகத்தில் காத்து வந்துள்ளது.

ஒரு சாசனம் பொறிக்கப்படுவது ஒரு நிகழ்வு; அது பின்னொரு காலத்தில் படிக்கப்படுவது மற்றொரு நிகழ்வு. முதலாவதைக் குறித்துத் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதைக் குறித்த ஆய்வுகள் ஒப்பீட்டளவில் குறைவு. பழைய எழுத்தைத் தேடிச் சென்று, படியெடுத்து, அளந்து, பொருள் கண்டு, நூலாக்கும் புலமை எவ்வாறு தோன்றியது, அது எதைக் காத்தது, எதைக் காக்க இயலாமல் போயிற்று என்னும் வினாக்களைப் பேகூர் வட்டாரச் சாசனங்களை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்காகச் சோழர் காலத்தின் சமகாலத்தில் சீனத்தில் வளர்ந்த சாசனப் புலமை எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சீனத்தில் உலோகமும் கல்லும்

பழைய எழுத்துகளை ஆராய்வதற்கென ஒரு தனிக் கல்வித்துறை முதன்முதலாக முழு வடிவம் பெற்ற இடங்களுள் சொங் அரசமரபுக் காலச் (960–1279) சீனம் தலையாயது. வெண்கலக் கலங்களிலும் கற்பலகைகளிலும் உள்ள எழுத்துகளைப் பற்றியது ஆதலின் 'உலோகமும் கல்லும் பற்றிய கல்வி' என்னும் பொருள்படும் பெயரை அத்துறை பெற்றது.

அரசியலறிஞரும் வரலாற்றாசிரியருமான ஓயாங் சியூ (1007–1072) ஏறத்தாழ ஆயிரம் சுருள்கள் கொண்ட மைப்படிகளைத் திரட்டினார். அவற்றுள் பலவற்றிற்குக் குறிப்புரைகளும் எழுதினார். வரலாற்று நூல்களில் உள்ள பிழைகளைக் கற்களின் துணையால் திருத்த இயலும் என்பது அவர்தம் கொள்கை. அவருடைய காலத்தவரான லியூ சாங் (1019–1068), பழந்தலைநகரான சாங்கான் பகுதியில் பணியாற்றியபோது பதினொரு பழங்கலங்களைத் திரட்டி, 1063ஆம் ஆண்டில் அவற்றின் வடிவத்தையும் எழுத்தையும் பதிவு செய்தார். கலத்தின் பயன்பாட்டைச் சடங்கியல் அறிந்தோரும், எழுத்தைச் சொல்லியல் அறிந்தோரும், அதிற்கண்ட பெயர்களின் வரிசையைக் குடிவழி அறிந்தோரும் ஆராய வேண்டும் என அவர் பணியை மூவகைப்படுத்தினார். ஒரே பொருளை மூன்று துறைகள் சேர்ந்து நோக்க வேண்டும் என்னும் இக்கருத்து பதினொன்றாம் நூற்றாண்டினது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்துறையின் முறையியலை நிலைபெறச் செய்தவர் லூ தாலின். சாங்கானை அடுத்த லான்தியன் என்னும் ஊரைச் சேர்ந்த இவர், மெய்யியலாளர் சாங் சாயிடமும் பின்னர்ச் செங் உடன்பிறந்தாரிடமும் பயின்றவர். 1092ஆம் ஆண்டில் இவர் தொகுத்த 'பழமையை ஆராயும் படங்கள்' என்னும் பொருளுடைய நூல், இருநூற்றுக்கு மேற்பட்ட கலங்களையும் மணிக்கற்பொருள்களையும் விளக்குகிறது. ஒவ்வொரு கலத்திற்கும் வரைபடம், எழுத்தின் படி, அதற்கு இணையான வழக்கெழுத்து வடிவம், உயரம், கொள்ளளவு, எடை, கிடைத்த இடம், உடைமையாளர் ஆகியன இயன்ற அளவு தரப்பட்டுள்ளன. கிடைத்த இடத்தைக் குறிக்கும் வழக்கம் இந்நூலின் பெருஞ்சிறப்பு. இடம் அறியப்படாத பொருளைக் காட்டிலும் இடம் அறியப்பட்ட பொருள் வரலாற்றுக்கு மிகுதியாகப் பயன்படும் என்பதை அது உணர்த்துகிறது. லூ குடும்பத்தாரின் கல்லறைத் தொகுதி லான்தியனில் 2006ஆம் ஆண்டு முதல் அகழப்பட்டது. கல்லறைக் கொள்ளை ஒன்றே அவ்வகழாய்வுக்கு வழிவகுத்தது. பழம்பொருள்களைப் பட்டியலிட்டவரின் குடும்பக் கல்லறையே கொள்ளைக்கு உள்ளாகிப் பின் பட்டியலிடப்பட்டமை வரலாற்றின் முரண்.

ஹுய்சோங் பேரரசர் காலத்தில் (1100–1126) அரண்மனைத் தொகுப்பிலிருந்த 839 கலங்களை விளக்கும் பெருநூல் ஒன்று உருவாயிற்று. அதே காலத்தில் சாவ் மிங்செங் (1081–1129) என்பார், தம் மனைவியும் பெருங்கவிஞருமான லி சிங்சாவின் துணையுடன் இரண்டாயிரம் சாசனப் படிகளைத் திரட்டி, அவற்றுள் 502க்குக் குறிப்புரை வரைந்தார். காலம், இடம், பதவி, குடிவழி ஆகியவற்றில் வரலாற்று நூல்களைக் கற்களோடு ஒப்பிட்டால் பத்துக்கு மூன்று நான்கு முரண்படுகின்றன என்பது அவர் கண்ட முடிபு. நிகழ்ந்த காலத்திலேயே பொறிக்கப்பட்டது கல்; பின்வந்தோரால் எழுதப்பட்டது நூல். எனவே கல்லுக்கே முதன்மை என அவர் வாதிட்டார். இன்றைய கல்வெட்டியலின் அடிப்படை விதியும் இதுவே.

1127இல் வடசீனம் சுர்ச்சென் படையினரிடம் வீழ்ந்தது. சாவ் இணையர் பதினைந்து வண்டிகளில் நூல்களையும் கலங்களையும் ஏற்றித் தெற்கே சென்றனர். சிங்சௌவில் விட்டுச் சென்ற பத்துக்கு மேற்பட்ட அறைகள் நிறைந்த தொகுப்பு தீக்கிரையாயிற்று. கணவர் இறந்தபின் எஞ்சியவையும் போரிலும் திருட்டிலும் சிறிது சிறிதாக மறைந்ததை லி சிங்சாவ் அந்நூலுக்கு எழுதிய பின்னுரையில் விரிவாகக் கூறுகிறார். தொகுப்பு அழிந்தது, தொகுப்பைப் பற்றிய நூல் நிலைத்தது. 1144ஆம் ஆண்டில் சுவே சாங்குங் என்பார் 511 சாசனங்களின் எழுத்து வடிவங்களைத் தொகுத்தமை இவ்விழப்பிற்குப் பின் நிகழ்ந்த மீட்பு முயற்சியாகும். சொங் காலப் புலவர்கள் கண்ட கலங்களுள் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றின் எழுத்துகள் நூற்படியாகவே அறியப்படுகின்றன.

தமிழகத்தில் படியெடுப்பு மரபு

சொங் அரசவைக்குச் சோழ நாட்டுத் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சென்றன. 1077ஆம் ஆண்டுக் குழுவில் 72 பேர் இருந்தனர் எனச் சீன வரலாறு குறிக்கிறது. ஓயாங் சியூவின் தொகுப்பு நிறைவுற்று, லூ தாலினின் நூல் உருவாகிவந்த இடைக்காலம் அது. அந்நாளில் தமிழகத்தில் சாசனங்களைப் போற்றும் மரபு எவ்வாறு இருந்தது என்பது இயல்பாக எழும் வினா.

தமிழகத்தில் பழைய சாசனத்தைப் படியெடுக்கும் வழக்கம் இருந்தது. திருமழபாடிக் கோயிலின் மூலவர் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த சாசனங்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளப்பட்டன. அவை முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. வேறு பல கோயில்களிலும் இத்தகைய மறுவெட்டுகள் காணப்படுகின்றன.

அளந்து பதியும் வழக்கமும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகளைக் கோயில் சாசனங்கள் பட்டியலிடுகின்றன. கோயிலுக்குரிய முழக்கோலால் அளந்த உயரம், கைகளின் எண்ணிக்கை, பீடத்தின் அளவு, அணிகலன்களின் விவரம் ஆகியன நுட்பமாகக் கூறப்படுகின்றன. பொன் 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லாலும் மணிகள் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டன. லூ தாலினின் நூலுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முற்பட்ட இப்பதிவு, வெண்கலப் பொருள்களைப் பற்றிய விவரப் பட்டியல் என்னும் வகையில் அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அங்குப் பட்டியலிடப்பட்ட திருமேனிகளுள் மிகச் சிலவே இன்று கோயிலில் உள்ளன. அங்கும் பொருள் மறைந்து பட்டியல் நின்றது.

எனினும் இருமரபுகளுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. திருமழபாடியில் சாசனம் படியெடுக்கப்பட்டதற்குக் காரணம் அதிற்கண்ட அறக்கட்டளை தொடர்ந்து நடைபெற வேண்டும் என்பதே. நிலமும் விளக்கும் ஆடும் பொன்னும் யாருக்கு உரியன என்பதற்கு அதுவே சான்று. தஞ்சைப் பட்டியல் கோயிற் கணக்கு. சீனப் புலவர்களோ பயன்பாடு முற்றிலும் அற்றுப்போன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முந்திய எழுத்துகளைப் பழமையை அறியும் பொருட்டே நாடினர். தமிழகத்தில் சாசனம் உயிருள்ள ஆவணமாக இருந்தது. சீனத்தில் அது பழமைக்குச் சான்றாக ஆயிற்று. உயிருள்ள ஆவணமாக இருக்கும்வரை சாசனத்தைச் சமுதாயமே காத்தது. அறக்கட்டளை முறிந்து எழுத்தும் விளங்காமற் போனபின் அதைக் காப்பதற்கெனத் தனிப் புலமை தேவைப்பட்டது. அப்புலமை தென்னாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைப்பாக உருப்பெற்றது.

தமிழுக்கும் சீனத்திற்கும் பொதுவான கற்களும் உண்டு. சீனத்துச் சுவான்சௌ நகரில் சக ஆண்டு 1203இல், அதாவது கி.பி. 1281இல், தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலுக்குரிய தமிழ்ச் சாசனம் 1956ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. இலங்கையின் காலி நகரில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த 1409ஆம் ஆண்டுச் சாசனம் 1911இல் கிடைத்தபோது ஒரு மதகின் மூடுகல்லாகப் பயன்பட்டு வந்தது. படிப்பார் இல்லாத எழுத்து வெறுங்கல்லாகிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பேகூர் வட்டாரம்: ஆட்சியும் மொழியும்

பேகூர், மடிவாளம், தொம்மலூர், அல்சூர், ஆனேக்கல் ஆகியவற்றைச் சூழ்ந்த நிலப்பகுதி மேலைக் கங்கர் ஆட்சியில் இருந்தது. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைக்காட்டைச் சோழர் கைப்பற்றியபின் கங்கபாடி சோழ மண்டலமாயிற்று. 1116ஆம் ஆண்டளவில் ஹொய்சள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். 1254ஆம் ஆண்டளவில் ஹொய்சள அரசு இருகூறாயிற்று. கண்ணனூரையும் பின்னர்க் குந்தாணியையும் இருப்பிடமாகக் கொண்ட இராமநாதன் தமிழ்ப் பகுதிகளையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் ஆண்டான். பின்னர் மூன்றாம் வல்லாளன் இருகூற்றையும் ஒன்றாக்கினான்.

இவ்வரசியல் மாற்றங்களுக்கு ஏற்ப இவ்வட்டாரத்தில் கன்னடச் சாசனங்களும் தமிழ்ச் சாசனங்களும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. இன்றைய எலகங்கை இலைப்பாக்க நாடு எனத் தமிழ்ச் சாசனங்களில் வழங்கப்பட்டது. தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிற் சாசனங்கள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. 'பட்டணம்' என்னும் ஈறு அங்கு வணிகர் குடியிருப்பு இருந்தமையைக் காட்டுகிறது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம், வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் வெங்காலூரின் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தை அளித்த செய்தியைத் தருகிறது. பேகூரும் பெங்களூரும் ஒரே சாசனத்தில் தமிழ் வடிவில் இடம்பெறுவது ஈண்டு நோக்கத்தக்கது.

மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளின் கோயில்களுக்கும் மடங்களுக்கும் வரிநீக்கம் அளித்து விடுத்த ஆணை இவ்வட்டாரக் கோயில்களில் தமிழில் வெட்டப்பட்டுள்ளது. இலைப்பாக்க நாடு, முரசு நாடு, மாசந்தி நாடு, குவளால நாடு முதலிய பெயர்களை அது வரிசைப்படுத்துகிறது. கன்னட நாட்டு வேந்தன் ஒருவன் இப்பகுதிக்குத் தமிழில் ஆணையிட்டமை, மொழி எல்லையும் அரசெல்லையும் அக்காலத்தில் ஒன்றாக இருக்கவில்லை என்பதை உணர்த்துகிறது.

நடுகல் மரபும் இருமொழிப் பகுதிகளையும் இணைக்கிறது. கல்லைக் காண்டல் முதல் நட்டு வாழ்த்துதல் வரையிலான நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. செங்கம், தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களில் தமிழ் நடுகற்களாகத் தொடங்கும் நிலத்தொடர்ச்சி, ஓசூரைக் கடந்து பெங்களூர், கோலார் பகுதிகளில் கன்னட வீரகற்களாக நீள்கிறது. ஆநிரை மீட்டலிலும் ஊர்ப்பூசலிலும் இறந்தோரைக் கல்லில் நிறுத்தும் வழக்கம் ஒன்றே. எழுத்தும் மொழியும் மட்டுமே மாறுகின்றன.

ரைஸின் பணி

இவ்வட்டாரச் சாசனங்களை முதன்முதலில் முறையாகத் தொகுத்தவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் (1837–1927). சமயப்பணியாளர் ஒருவரின் மகனாகப் பெங்களூரில் பிறந்த இவர், இங்கிலாந்தில் கல்வி கற்றுத் திரும்பிப் பெங்களூரில் பள்ளித் தலைமையாசிரியராகவும், பின்னர்ப் பள்ளிகளின் ஆய்வாளராகவும், மைசூர் குடகுப் பகுதிகளின் பொதுக் கல்வி இயக்குநராகவும் பணியாற்றினார். ஊர்ப் பள்ளிகளைப் பார்வையிடச் சென்ற வழியெல்லாம் எழுத்துள்ள கற்களைக் கண்டார். 1865ஆம் ஆண்டில் மேஜர் டிக்சன் என்பார் எடுத்திருந்த சாசன நிழற்படங்களும் அவருக்கு உதவின. அவற்றையும் தாம் திரட்டியவற்றையும் கொண்டு 1879இல் 'மைசூர் இன்ஸ்கிரிப்சன்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார்.

மைசூர் அரசு 1880களின் நடுவில் தொல்லியல் ஆய்வுப் பொறுப்பை இவரிடம் அளித்தது. 1886இல் குடகுச் சாசனத் தொகுதியுடன் தொடங்கிய 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசை, பன்னிரண்டு தொகுதிகளாக 1905ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அவற்றில் அடங்கிய சாசனங்கள் 8,869 எனக் கணக்கிடப்படுகின்றன. பெங்களூர் மாவட்டத்திற்குரிய ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. பெங்களூர், ஆனேக்கல், ஒசக்கோட்டை முதலிய வட்டங்கள் வாரியாகச் சாசனங்களுக்கு எண் தரப்பட்டு, ஊரும் கல் நிற்கும் இடமும் குறிக்கப்பட்டன. ஏரிக்கரை, வயல், கோயிலின் வடசுவர், ஊர்வாயில் என்றவாறு அமைந்த இவ்விடக் குறிப்புகள், லூ தாலின் தம் கலங்களுக்கு எழுதிய இடக்குறிப்புகளுக்கு ஒப்பானவை.

ரைஸ் இத்தொகுதிகளில் கன்னடச் சாசனங்களோடு தமிழ்ச் சாசனங்களையும் ஒதுக்காமல் சேர்த்தார் என்பது தமிழாய்வுலகம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. பெங்களூர், கோலார் மாவட்டத் தொகுதிகள் இல்லையேல் கங்கபாடியிலும் நிகரிலிச் சோழ மண்டலத்திலும் தமிழ் வழங்கிய வரலாறு பெரும்பகுதி அறியப்படாமல் போயிருக்கும். வட்டாரம் முழுவதையும் ஊர் ஊராக அளந்து பதிதல் என்னும் நோக்கமே இப்பயனை விளைத்தது. ஒரு மொழியின் சாசனங்களை மட்டும் தேடியிருந்தால் இத்தகைய முழுமை கிட்டியிராது.

அவர் பணியில் குறைகளும் உண்டு. குறுகிய காலத்தில் பெருந்தொகையான கற்களைப் பதிந்தமையால் பாடங்களில் பிழைகள் நேர்ந்தன. கங்கர் செப்பேடுகள் சிலவற்றை உண்மையானவை என அவர் கொண்டபோது, ஜே.எப். பிளீட் அவற்றைப் பிற்காலப் போலிகள் என மறுத்தார். எழுத்தின் வடிவம், ஆண்டுக் கணக்கு, குடிவழி ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு நடைபெற்ற இவ்விவாதம் தென்னிந்தியச் சாசனவியலின் முறையியலைக் கூர்மைப்படுத்தியது. எழுத்து, பயன்பாடு, குடிவழி என லியூ சாங் வகுத்த மூன்று நோக்குகளுள் இரண்டு இங்கும் அளவுகோலானமை ஒப்புநோக்கத்தக்கது.

நரசிம்மாச்சாரும் பெங்களூர் என்னும் பெயரும்

1906இல் ரைஸ் ஓய்வு பெற்றபின் அப்பொறுப்பை ஏற்றவர் ஆர். நரசிம்மாச்சார் (1860–1936). 'கர்நாடக கவிசரிதே' என்னும் மூன்று தொகுதிகள் கொண்ட கன்னட இலக்கிய வரலாற்றின் ஆசிரியரான இவர், 1922 வரை மைசூர்த் தொல்லியல் துறையை நடத்தினார். ரைஸ் கண்ட ஊர்களை மீண்டும் ஆராய்ந்து விடுபட்டவற்றைச் சேர்ப்பது இவர் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று.

பேகூரில் இரு வீரகற்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, கங்க வேந்தன் எறெயப்பனின் காலத்தது. அய்யப்பதேவனுக்குத் துணையாகச் சென்று வீரமகேந்திரனுடன் தும்பெபாடி என்னுமிடத்தில் பொருது யானைப்போரில் நாகத்தரன் இறந்ததையும், அதன்பின் எறெயப்பன் இருகன் என்பவனுக்கு நாகத்தரப் பட்டமளித்துப் பெம்பூர்ப் பன்னிரண்டு ஊர்களை வழங்கியதையும் அது கூறுகிறது. யானைகளும் குதிரைகளும் வீரர்களும் நெருங்கிய போர்க்காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. அக்கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இரண்டாவது, நாகேசுவரர் கோயில் வளாகத்தில் நரசிம்மாச்சார் காலத்தில் கண்டறியப்பட்டு 1915ஆம் ஆண்டளவில் தொல்லியல் துறை அறிக்கையில் இடம்பெற்ற சிறு கல். கி.பி. 890ஆம் ஆண்டை ஒட்டியதாகக் கருதப்படும் இக்கன்னடச் சாசனம், பெங்களூர்ப் போரில் நாகத்தரனைச் சார்ந்தோர் இறந்துபட்ட செய்தியைச் சில வரிகளில் தருகிறது. முதற்கல்லின் சிற்பச் சிறப்பு இதற்கில்லை. ஆயினும் இதில் இடம்பெற்ற ஓர் ஊர்ப்பெயர் பெருமாற்றத்தை விளைத்தது.

வேட்டைக்குச் சென்று வழி தவறிய வல்லாள மன்னனுக்கு ஒரு மூதாட்டி வெந்த அவரை தந்தாள் என்றும், அதனால் அவ்விடம் 'வெந்த அவரை ஊர்' எனப் பொருள்படப் பெயர் பெற்றது என்றும் வழங்கிய கதை பரவலானது. அக்கதையில் வரும் வீரவல்லாளன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவன். 1537ஆம் ஆண்டில் கெம்பகௌடர் பெங்களூர்க் கோட்டையை நிறுவியதோடு நகர வரலாற்றைத் தொடங்குவதும் வழக்கம். பேகூர்க் கல்லோ வல்லாளனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளும் கெம்பகௌடருக்கு ஆறரை நூற்றாண்டுகளும் முற்பட்டது. பெயர் முன்னரே இருந்தது. அதற்கு விளக்கம் தரும் கதை பின்னர்ப் பிறந்தது. நூல்வழிச் செய்தியும் கல்வழிச் செய்தியும் முரண்படும்போது கல்லை நம்புக என்னும் சாவ் மிங்செங்கின் விதிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

கன்னட வீரகல் ஒன்பதாம் நூற்றாண்டில் தரும் பெயரையே மடிவாளத் தமிழ்ச் சாசனம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெங்காலூர் என உறுதிப்படுத்துகிறது. முதலாவது போரையும், இரண்டாவது ஏரியையும் நிலத்தையும் சுட்டுகின்றன. இரண்டையும் சேர்த்து நோக்கும்போதுதான் பெயர் மட்டுமின்றி ஊரும் புலனாகிறது. இருமொழிச் சாசனங்களுள் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் ஏற்பது ஊரின் வரலாற்றைப் பாதியாக்குவதாகும்.

இழந்த கல்லும் எஞ்சிய படியும்

ரைஸ் தம் தொகுதிகளை வெளியிட்டபோது கற்கள் நின்ற இடங்கள் ஏரிக்கரைகளும் வயல்களும் ஆகும். அடுத்துவந்த நூற்றாண்டில் ஏரிகள் பல தூர்ந்து மனைகளாயின. வயல்கள் சாலைகளும் தொழிற்பேட்டைகளும் ஆயின. ஒன்பதாம் தொகுதியில் இடங்குறித்துப் பதியப்பட்ட கற்களுள் பல இன்று அவ்விடத்தில் இல்லை. சில கட்டடங்களின் அடித்தளத்தில் சேர்ந்தன, சில உடைக்கப்பட்டன, சில மண்ணுள் புதைந்தன. கல் இல்லாத நிலையில் பாடத்தைச் சரிபார்க்க வழியில்லை. ரைஸின் படியில் பிழை இருப்பின் அப்பிழையே இறுதிப் பாடமாகிவிடுகிறது. சொங் காலக் கலங்களின் எழுத்துகளுக்கு நேர்ந்த நிலையும் இதுவே. சீனத்தில் படையெடுப்பு செய்ததைப் பெங்களூரில் நகர விரிவாக்கம் செய்தது. அழிவின் வேகம் வேறு, விளைவு ஒன்றே.

புதைந்தவை மீள்வதும் உண்டு. பெங்களூரின் வடபகுதியான ஹெப்பாளத்தில் 2018ஆம் ஆண்டு வடிகால் பணி நடைபெற்றபோது கங்கர் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ கி.பி. 750ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் கித்தய்யன் என்னும் வீரனின் கல் வெளிப்பட்டது. காலிச் சாசனம் மதகிலிருந்து கிடைத்ததையும் இது வடிகாலிலிருந்து கிடைத்ததையும் ஒப்பிட்டு நோக்கலாம். இரண்டு இடங்களிலும் கல்லை எழுத்தென அறிந்த கண் ஒன்று அவ்வேளையில் அங்கு இருந்தமையே மீட்பிற்குக் காரணம்.

1909இல் நிறுவப்பட்ட பெங்களூர் மிதிக் சொசைட்டி, 2021ஆம் ஆண்டில் பெங்களூர் வட்டாரச் சாசனங்களை முப்பரிமாண ஒளிவருடல் முறையில் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி மை பூசி எடுக்கும் மைப்படியில் எழுத்தின் உருவம் கிடைக்கும். வெட்டின் ஆழம் கிடைக்காது. முப்பரிமாணப் பதிவில் ஆழமும் கிடைப்பதால், கண்ணுக்குப் புலப்படாத தேய்ந்த எழுத்துகளையும் கணினித் திரையில் ஒளியின் கோணத்தை மாற்றிப் படிக்க இயலுகிறது. ரைஸின் பாடங்களைத் திருத்தும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டுள்ளது. ஆனால் அவ்வாய்ப்பு, எஞ்சியுள்ள கற்களுக்கு மட்டுமே உரியது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மின்னணுப் பதிவு கல்லின் உருவத்தைத் தரும், பொருளைத் தராது. இலைப்பாக்க நாட்டின் தமிழ்ச் சாசனங்களைப் படிப்பதற்குச் சோழ, ஹொய்சளக் காலத் தமிழெழுத்தின் வளர்ச்சியையும், கிரந்தக் கலப்பையும், கன்னடத்தின் தாக்கத்தால் நேர்ந்த சொல்வடிவ மாற்றங்களையும், வரிப்பெயர்களையும் நிலஅளவைச் சொற்களையும் அறிந்தோர் வேண்டும். வட்டாரத்தின் வீரகற்களைப் படிப்பதற்குப் பழங்கன்னடம் அறிந்தோர் வேண்டும். இருமொழியும் அறிந்த சாசனவியலாளரை உருவாக்குவது தமிழ், கன்னடத் துறைகள் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும். சீனத்தில் லியூ சாங் மூவரிடம் பகிர்ந்தளித்த பணி, இவ்வட்டாரத்தில் மொழியாலும் பகிரப்பட வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. சொங் காலச் சீனத்தில் சாசனப் புலமை பழமையை அறியும் நோக்கில் தனித்துறையாக வளர்ந்தது. அதே காலத் தமிழகத்தில் சாசனம் உரிமையை நிலைநாட்டும் ஆவணமாகப் போற்றப்பட்டது. படியெடுத்தலும் அளந்து பதிதலும் இருநாட்டிலும் இருந்தன, நோக்கமே வேறுபட்டது.

2. பேகூர் வட்டாரத்தில் சாசனம் ஆவணமாக இருந்த நிலை மாறிப் பழமைச் சான்றாக ஆனபின், ரைஸ், நரசிம்மாச்சார் ஆகியோரின் பணி அதை மீட்டது. ஊர் ஊராகவும் மொழி வேறுபாடின்றியும் பதிந்தமை அப்பணியின் சிறப்பு.

3. பெங்களூர் என்னும் பெயரின் பழமையை ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னட வீரகல்லும் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனமும் சேர்ந்தே விளக்குகின்றன. பிற்காலத்துப் பெயர்க்கதை அவற்றின்முன் நிற்கவில்லை.

4. பொருள் அழிந்து படி எஞ்சுவது சீனத்திலும் தஞ்சையிலும் பெங்களூரிலும் ஒருங்கே காணப்படுகிறது. எனவே படியின் செம்மை வரலாற்றின் செம்மையாகிறது. கல் நிற்கும்போதே அதைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

சாவ் மிங்செங் தம் மனைவியிடம், இடர் நேரின் முதலில் உடைமைகளையும் பின்னர் ஆடைகளையும் அதன்பின் நூல்களையும் விடலாம். சடங்குக்குரிய கலங்களை மட்டும் உயிருள்ளவரை உடன் வைத்திருக்க வேண்டும் என்று கூறியதாக அவர்தம் பின்னுரையால் அறிகிறோம். அக்கலங்களை அவரால் காக்க இயலவில்லை, நூலைக் காத்தார். கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் எலெக்ட்ரானிக் சிட்டியின் முகவரிகளில் வழங்குகின்றன. அவ்வூர்களைச் சூழ்ந்த ஏரிக்கரைகளிலும் கோயிற் சுவர்களிலும் எஞ்சியுள்ள எழுத்துகளைக் கல்லாகவும் காக்க இன்னும் காலம் உள்ளது.